ஹில்மி நானாவின் வலது கால்

கேட்டின் கொண்டி ‘கிளிக்’ என்றால் போதும், ஹில்மி நானாவின் வலது கால் பிரேக்கை மிதித்துவிடும். கை இடுக்கியைத் தேடும். வாய் “எத்தன?” என்று கேட்கும். வந்திருப்பது யார் என்று பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கண்டி மாவில்மடைச் சந்துகளில் காலையும் மாலையும் பாண், பணிஸ் என்று பேக்கரி ரொட்டி விற்கும் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறார். ஒலிபெருக்கியில் வருஷக்கணக்காக ஒரே மெட்டு. அது கேட்டால் வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளையும் பணிசுக்கு அழும். சுருண்டு கிடக்கும் நாய்கூட வாயூறிக்கொண்டு எழுந்து வரும். நானாவுக்கு அதில் பெருமை தாங்காது. “பசிக்கா வாங்குற? பாட்டுக்குத்தான் வாங்குற! முழு ரோட்டையும் நான்தான் பழக்கி வெச்சீக்கிற” என்பார். ரோடும் சும்மா இருக்கவில்லை, அவரைப் பழக்கி வைத்திருக்கிறது என்பது போன மாதம்தான் தெரிந்தது.

மகள் இன்ஷிராவுக்குக் காலையில் வலி கண்டுவிட்டது. தலைப்பிரசவம்; மருமகன் கட்டாரில். தன் வண்டியின் பின்பக்கம் முழுக்கப் பாண் பெட்டி என்பதால், பக்கத்து வீட்டு றிஸ்வியின் த்ரீவீலை இரவல் வாங்கி, மகளையும் மனைவி கைரியாவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு நானா ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். பறந்தார் என்பது சும்மா பேச்சுக்கு. பள்ளிக்கூட நேரம், வீட்டுக்கு வீடு கேட் திறக்கிற வேளை.

முதல் கேட்டில் வண்டி நின்றது. இரண்டாவதிலும் நின்றது. மூன்றாவதில், புத்தகப் பையோடு வெளியே வந்த சிறுமியிடம் “எத்தன?” என்று கேட்டேவிட்டார்.

“வாப்பா, பாண் விக்கவா போற? எனக்கு ஏலா!” என்று அலறினாள் இன்ஷிரா.

“நான் என்ன செய்ற மகள், கால் தானா மிதிக்கிது!” நானாவின் குரல் அழுகைக்கு வந்துவிட்டது. பாவம், மனிதர் உண்மையாகவே பயந்துபோனார்.

கைரியா பின்னாலிருந்து எட்டி, புருஷனின் இரண்டு காதுகளையும் உள்ளங்கைகளால் இறுக்கிப் பொத்தினாள். பெரிய ரோட்டில் ஏறும்வரை அந்தக் கைகளை எடுக்கவேயில்லை. அதன் பிறகுதான் வண்டி ஓடியது.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பகல் முழுக்க நானா வார்டு வாசலில் துஆ ஓதியபடி நின்றார். அஸர் தொழுகைக்குச் சற்று முன்பு கதவின் கொண்டி ‘கிளிக்’ என்றது. துணியில் சுற்றிய பிள்ளையோடு தாதி வெளியே வந்தாள்.

“எத்தன?” என்றார் நானா.

“ஒன்னுதான் நானா, பொம்பளப் பிள்ள. தாயும் சுகம்” என்று சிரித்தபடி அவர் கையில் கொடுத்தாள்.

பிள்ளை கைக்கு வந்து வெகுநேரம் ஆகியும், ஹில்மி நானாவின் வலது கால் சீமெந்துத் தரையை அழுத்தி மிதித்தபடியே இருந்தது.