சாமியாத்தாளின் பங்கு

சாமியாத்தாளுக்கு ஜப்பானில் ஒரு பந்தயக் குதிரை இருந்தது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நல்லூரில் எங்கள் பனியன் யூனிட்டில் எல்லோரும் இரண்டு வருஷம் அதைச் சொல்லித்தான் சிரித்தார்கள். முழுக் குதிரை இல்லை. நானூறு பேர் சேர்ந்து வாங்கிய குதிரையில் ஒரு பங்கு, அந்த ஒரு பங்கில் பாதி. அந்தப் பாதியும் எழுத்தில் கிடையாது, வெறும் வாய்ப்பேச்சு. ஆனால் அந்த அம்மாள் அதற்காகத் தவித்த தவிப்பு இருக்கிறதே, முழுக் குதிரை வைத்திருப்பவன்கூட அப்படித் தவித்திருக்க மாட்டான்.

நான் அங்கே மெர்ச்சண்டைசர். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையரின் மெயிலுக்குப் பதில் போடுவது, சாம்பிள் அனுப்புவது, ஷிப்மெண்ட் தள்ளிப்போனால் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வது, இதுதான் வேலை. பாண்டித்துரை என்றால் முன்கோபக்காரன் என்று தையல் லைனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து வந்தவன் நான். இந்த ஊர்க்காரர்கள் திட்டும்போதுகூட ‘ங்க’ போட்டுத் திட்டுவது ஆரம்பத்தில் எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. சாமியாத்தாள் செக்கிங் டேபிளில் இருந்தார். தைத்து வந்த பனியனை ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, கோடு விழுந்த துணி என்று பார்த்து ஒதுக்குகிற வேலை. வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. புருஷன் லிங்கசாமி அதே யூனிட்டில் கேட் வாட்ச்மேன். சேவூர்ப் பக்கம் இருந்த விவசாயக் காட்டை விற்றுவிட்டு வந்தவர்கள்.

2005 ஜூலையில், குழந்தைகளுக்கான டீ-ஷர்ட் ஆர்டர் ஒன்றைப் பரிசோதிக்க ஹொரிகுச்சி வந்திருந்தார். ஜப்பான் பையரின் ஆள். வருஷத்துக்கு மூன்று தடவை வருவார், அதிகம் பேச மாட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் டேபிளில் ஒரு கேட்டலாக்கை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் குதிரைக்குட்டிகள். அவர்கள் நாட்டில் பந்தயக் குதிரையைத் தனி ஆளாக வாங்க முடியாத சாதாரண ஜனங்கள் கிளப் மூலமாக ஆளுக்கொரு பங்கு வாங்கிக்கொள்வார்களாம். குதிரையைக் கட்டிப் போடவோ தீனி போடவோ வேண்டியதில்லை. வாரா வாரம் அது எப்படி இருக்கிறது என்று கிளப்பிலிருந்து எழுதுவார்கள், ஓடும் அன்றைக்குப் போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

ரிஜெக்ட் பீஸ்களைக் காட்ட வந்த சாமியாத்தாள் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தார். பார்த்தவர் சும்மா போயிருக்கலாம்.

“இது ஆகாதுங்க” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “என்னக்கா ஆகாது? பையர்கிட்ட என்ன பேச்சு இது?”

“குதிரையைச் சொன்னேனுங் தம்பி. முதுகுல பூரான் கீழ பாத்து எறங்குது பாருங்க. இதைக் கட்டுன ஊடு வெளங்காதுங்க.”

எனக்குப் பூரானும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. முடி சுழித்துக்கொண்டு கீழ்நோக்கிப் போயிருந்ததைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். அவர் அப்பா மாட்டுத் தரகர். இந்தப் பக்கத்தில் சுழி பார்க்காமல் காங்கேயம் காளையைக் கயிறு மாற்றி வாங்க மாட்டார்கள். அந்தியூர்ச் சந்தையில் குதிரைக்கும் பார்ப்பார்கள். நான் என் ஓட்டை ஆங்கிலத்தில் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் ஹொரிகுச்சி கேட்டலாக்கை அப்படியே சாமியாத்தாள் பக்கம் நகர்த்தினார். எது நல்லது என்று கேட்கச் சொன்னார்.

சாமியாத்தாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு படமாகத் துணி பார்ப்பது போலவே பார்த்தார். கடைசியில் ஒரு பெட்டைக்குட்டியின் முகப் படத்தில் விரலை வைத்தார். உடம்பில் ஒரு பொட்டு வெள்ளை கிடையாது, சாதாரண செம்பழுப்பு. நெற்றியில் மட்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு சுழி.

“ரெட்டைச் சுழி. ரெண்டும் வலமாச் சுத்துது. இது கைவிடாதுங்க.”

ஹொரிகுச்சி நம்பரைக் குறித்துக்கொண்டார். அவர்கள் நாட்டிலும் குதிரையின் சுழி எங்கெங்கே இருக்கிறது என்று பதிவுப் புத்தகத்தில் எழுதுவார்களாம். ராசிக்காக இல்லை, ஒரு குதிரைக்குப் பதில் இன்னொன்றைக் காட்டி யாரும் ஏமாற்றக் கூடாது என்பதற்காக. அதை நான்தான் சாமியாத்தாளுக்குத் தமிழில் சொன்னேன். பிற்பாடு எனக்கே அது மறந்துபோனதுதான் கேவலம்.

அடுத்த தடவை வரும்போது ஹொரிகுச்சி அந்தக் குட்டியின் படத்தைப் பிரேம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பங்கு வாங்கிவிட்டேன், தேர்ந்தெடுத்தது சாமியாத்தாள் சான், அதனால் பாதி அவருடையது என்றார். ‘சான்’ என்பது அவர்கள் ஊர் ‘ங்க’. நான் மொழிபெயர்த்ததும் சாமியாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் பஞ்ச் பண்ணிவிட்டுப் போகும்போது என்னிடம் வந்தார். “எங்கூட்டுக்காரரு காளை வாங்குனப்ப என்னைக் கேக்கலீங்க. வேண்டாமுன்னு சொன்னேன், வாங்கிட்டாரு. போர் போட்டப்பக் கேக்கலீங்க. காட்டை வித்தப்பவும் கேக்கலீங்க. என்ற பேச்சைக் கேட்டு ஒருத்தரு வாங்குன சீவன் இது ஒண்ணுதானுங் தம்பி.”

செக்கிங் டேபிளில் பக்கத்து ஆள் மயிலாள். வாயாடி. “ஏனுங்க்கா, நானூறுல ஒண்ணு, அதுல பாதின்னா வாலுல எத்தனை மசுரு உங்களுது?” என்று கேட்டாள். டேபிளே சிரித்தது.

“வாலும் வேண்டாம், காலும் வேண்டாம். அந்த நெத்திச் சுழி என்ற பங்கு. மிச்சத்தை அவிங்களே வெச்சுக்கட்டும்” என்றார் சாமியாத்தாள்.

குதிரைக்கு அங்கே வைத்த பெயர் மினாசே என்று தொடங்கி நீளமாகப் போகும். டேபிளில் அது மீனாச்சி ஆகிவிட்டது. லிங்கசாமி தினமும் காலையில் கேட்டில் நின்றுகொண்டு, “குதிரைக்காரி வர்றா, வழி உடுங்க” என்பார். கெட்ட மனுஷர் இல்லை, கிண்டல் பிடித்தவர். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “அது ஒரே ஒருக்கா செயிக்கட்டும். அன்னைக்கிருந்து எங்கூட்டுல இவ பேச்சுத்தான்.” அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். சாமியாத்தாள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும்.

2006 கடைசியில் மீனாச்சி ஓட ஆரம்பித்தாள். ஓட்டம் சனி, ஞாயிறில். திங்கட்கிழமை காலை டீ பிரேக்கில் சாமியாத்தாள் என் மேசைக்கு வந்து நிற்பார். எனக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். ஜப்பான் பக்கத்தைத் திறந்து, கம்ப்யூட்டர் செய்து தரும் அரைகுறை ஆங்கிலத்தை நான் தமிழாக்கிச் சொல்ல வேண்டும். முதல் ஓட்டத்தில் பதினாறில் பதினொன்று. “போய்ட்டு வாங்கக்கா, வேலையைப் பாருங்க” என்று எரிந்து விழுந்தேன். அவர் நகரவில்லை.

“எடை போட்டிருக்காங்களா தம்பி?”

ஓடும் நாளன்று ஒவ்வொரு குதிரையையும் எடை போட்டு அறிவிப்பார்கள். நானூற்றுப் பதினெட்டு கிலோ என்றேன்.

“போன தடவை ஓரி சாரு எழுதுனப்ப நானூத்தி முப்பது சொன்னீங்க. எளைச்சுப் போச்சுங்களே” என்றார். ஹொரிகுச்சி அவர் வாயில் ஓரி சார். அந்த வாரம் முழுக்க அவர் முகம் சரியில்லை.

அப்படித்தான் போயிற்று. அடுத்தது ஆறாவது. அப்புறம் ஒன்பதாவது. ஏப்ரலில் ஒரு தலை அளவு இடைவெளியில் இரண்டாவது. அந்தத் திங்கட்கிழமை நான்தான் முதலில் டேபிளுக்கு ஓடினேன், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். மயிலாள்கூட கிண்டல் செய்யவில்லை. சாமியாத்தாள் அடுத்த பத்து நாள் சிரித்த முகமாகவே திரிந்தார். பிறகு மீனாச்சிக்கு முன்னங்காலில் வீக்கம், மேய்ச்சலுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று மெயில் வந்தது. “அது நெத்தியை ஒருக்காத் தடவிக் குடுத்தாப் போதும் தம்பி. நாம் பொறந்து இவ்வளவு காலத்துல எதையும் இப்படிப் பாக்கோணும்னு இருந்ததில்லீங்க” என்று என் மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு எரிந்து விழத் தோன்றவில்லை.

ஜூலையில் ஹொரிகுச்சி எழுதிய மெயிலில் ஒரு விதியைச் சொல்லியிருந்தார். மூன்று வயது முடியும் வருஷம் செப்டம்பர் கடைசிக்குள் ஒரு ஓட்டமாவது ஜெயிக்காத குதிரைக்கு அங்கே பெரிய மைதானங்களில் அதன்பின் இடமில்லை. பெயரை அடித்துவிடுவார்கள். மீனாச்சிக்கு அது அந்த வருஷம்தான். இதைச் சாமியாத்தாளிடம் சொன்னேன். அவர் சுவரில் மாட்டியிருந்த ஷிப்மெண்ட் காலண்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆகஸ்டில் ஒரு ஓட்டத்துக்கு மீனாச்சியின் பெயர் வந்தது. அந்த வாரம் பார்த்து அங்கே குதிரைகளுக்கெல்லாம் காய்ச்சல் பரவி ஓட்டமே ரத்தாகிவிட்டது. செப்டம்பரில் ஒன்றே ஒன்று மிச்சம்.

அந்தச் சமயம் எங்கள் நிலைமையும் நன்றாக இல்லை. டாலர் இறங்கிக்கொண்டே போனது. ஜப்பான் பையர் அடுத்த சீசன் ஆர்டரை வேறு நாட்டுக்குத் திருப்பிவிட்டார். ஹொரிகுச்சி இனி வரப்போவதில்லை. செக்கிங் டேபிளில் பாதிப் பேரை நிறுத்தப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை நான் சீக்கிரமே வந்து பார்த்தேன். ஏழாவது. ஹொரிகுச்சியிடமிருந்து மெயிலும் வந்திருந்தது. அவரே மைதானத்துக்குப் போயிருக்கிறார். மீனாச்சியின் பெயரை எடுத்துவிட்டார்கள், இனி அவளை யாருக்காவது விற்பார்கள், நம் பங்கு இத்துடன் முடிந்தது, சாமியாத்தாள் சானிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று எழுதி, ஓட்டம் முடிந்து வெளியே வருகிற மீனாச்சியின் படம் ஒன்றையும் இணைத்திருந்தார்.

இதை எந்த வாயால் சொல்வது? எனக்கு யார் மேல் என்று தெரியாமல் ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் ஒரு காரியம் செய்தேன். அதே ஓட்டத்தில் முதலாவதாக வந்த குதிரையின் படம் இணையத்தில் இருந்தது. அதுவும் செம்பழுப்புப் பெட்டை, அதற்கும் வெள்ளை கிடையாது. கழுத்தில் மாலை மாதிரி ஏதோ போட்டு, பக்கத்தில் ஆட்கள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். சாம்பிள் டிசைன் எடுக்கிற பளபளப்புக் காகிதத்தில் அதைக் கலரில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்தேன். ஆர்டர் போனது போகட்டும், இந்த அம்மாளுக்கு ஒன்றாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன்.

“அக்கா, ஜெயிச்சிருச்சுக்கா” என்று டேபிளுக்கு நேரே போய்ச் சொன்னேன்.

மயிலாள் கையிலிருந்த பனியனைப் போட்டுவிட்டு சாமியாத்தாளைக் கட்டிக்கொண்டாள். யாரோ ஓடிப்போய் லிங்கசாமியைக் கூட்டி வந்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். கிண்டல் எதுவும் வரவில்லை. “உன்ற பேச்சு பலிச்சிருச்சே புள்ளே. அன்னைக்குக் காளை வாங்கறப்பவே உன்னையக் கேட்டிருக்கோணும்” என்றார்.

சாமியாத்தாள் புருஷன் முகத்தைப் பார்த்தார். பிறகு படத்தை வாங்கி, பழக்கத்தில், ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். சந்தோஷத்தில் நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். “சரிங்க, வேலையப் பாக்கலாம்” என்று படத்தை மடக்காமல் டேபிளுக்கு அடியில் வைத்துவிட்டார்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு என் மேசைக்கு வந்தார். படத்தை என் முன்னால் வைத்து, குதிரையின் நெற்றியில் விரலை வைத்தார். கண்ணுக்கு நடுவே ஒற்றைச் சுழி.

“என்ற பங்கு இதுல இல்லீங்களே தம்பி” என்றார்.

எனக்கு முகம் செத்துப்போய்விட்டது. ஒருத்தரை ஏமாற்றக் கூடாது என்றுதான் அந்த நாட்டில் சுழியை எழுதி வைக்கிறார்கள் என்று இவரிடம் சொன்னவனே நான்தான். உளறிக் குளறி எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாவது என்றேன். பெயரை எடுத்துவிட்டார்கள் என்றேன்.

“லிங்கசாமி மாமா சொன்னதைக் கேட்டீங்கள்லக்கா. அப்படியே இருந்துட்டுப் போகட்டும். நான் யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்.”

“அந்தப் பேச்சை அவரு சொல்லோணும்னு இருபத்தஞ்சு வருசமா நெஞ்சு கெடந்து ஏங்குச்சுங்க. கேட்டுட்டேன்” என்றார். கண் கலங்கியிருந்தது. “ஆனா வேற எதோ ஒண்ணு செயிச்சதுக்கு நம்மளதை இல்லைன்னு ஆக்கச் சொல்றீங்களா? அதும் ஓடீருக்குதுல்லீங்க. அவருகிட்ட நானே சொல்லிக்கறேன். நம்ம புள்ளை படம் வந்திருக்குமே, அதை எடுத்துக் குடுங்க.”

மெயிலைத் திறந்து, இணைப்பில் இருந்ததைப் பிரிண்ட் கொடுத்தேன். அதே பளபளப்புக் காகிதம்தான். மார்பு வரைக்கும் சேறு தெறித்து, தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிற குதிரை. சேற்றுக்கு மேலே, நெற்றியில், ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு சுழி. சாமியாத்தாள் மை ஈரம் காயும்வரை பொறுத்திருந்து, கட்டை விரலால் அந்த இடத்தை மட்டும் தடவினார்.

“எளைச்சுப் போயிட்டா பாருங்க” என்றார். அப்புறம், “இப்ப இவளை எங்க கட்டியிருப்பாங்க தம்பி?” என்று கேட்டார்.

தெரியவில்லை என்று சொன்னேன். அன்றைக்கு, மாட்டிக்கொள்ளாமல் நானாக அவரிடம் சொன்ன முதல் உண்மை அதுதான்.