நீலமாகத் தெரிந்த மனை

போன வாரம் முகப்பேரில் பல் டாக்டர் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். மழையில் நனைந்த செருப்புக் குவியலின் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. பல்வலிகூட ஒரு நிமிடம் மறந்துபோய், திருநின்றவூரில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து மாடியில் நின்றேன். அங்கே கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்போடு நுழையக் கூடாது. தூசி போனால் மிஷின் படுத்துவிடும் என்பது தாளாளர் அம்மாவின் அசைக்க முடியாத நம்பிக்கை. பிள்ளைகள் சாமி கும்பிடப் போவதுபோல வெறுங்காலோடு பவ்யமாக நுழைவார்கள். உள்ளே போனதும் மவுஸுக்கு அடிதடி நடக்கும்.

நான்தான் கம்ப்யூட்டர் மிஸ். பட்டம் பெரிதே தவிர, பிள்ளைகளைவிட ஒரு பாடம் முன்னால் இருப்பேன், அவ்வளவுதான். அம்பத்தூரில் ரயில் ஏறி, இறங்குவதற்குள் அந்தப் பாடத்தையும் படித்து முடிப்பேன். அந்த வருடம் ஏழாம் வகுப்புக்கு இணையத்தில் தேடுவது எப்படி என்று நடத்த வேண்டியிருந்தது. தேடும் பெட்டியில் பிள்ளைகள், "சார், திமிங்கலம் என்ன சாப்பிடும், ப்ளீஸ் சார்" என்று அடிப்பார்கள். ரெண்டு வார்த்தை போட்டால் போதும் என்பேன். "மரியாத இல்லாம கேட்டா சொல்லுமா மிஸ்?" என்பான் ஒருவன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பலகையில் எழுதிப்போட்டு, முதலில் வருவதை அப்படியே நம்பாதீர்கள் என்று முழங்குவேன். முழங்குவதில் எனக்கு என்றைக்கும் குறைச்சல் இல்லை.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த புதிதில் ஒருநாள், வானத்திலிருந்து எடுத்த வரைபடத்தில் அவரவர் வீட்டைத் தேடச் சொன்னேன். அதில் மேலே ஒரு பட்டை இருக்கும். அதைப் பின்னால் இழுத்தால் அதே இடத்தின் பழைய படங்கள் வரும்.

பர்வீன் மட்டும் கை தூக்கினாள். ஒல்லியான பெண், ரெட்டைச் சடை. "நாங்க வாடக ஊடு மிஸ். எங்க அத்தா புதுசா வாங்கிகிற எடத்தப் பாக்கட்டா?"

அவள் அத்தா ஆவடியில் பீரோ பட்டறையில் வேலை செய்தார். ஏரிப் பக்கம் மனை வாங்கியிருந்தார். அந்தப் பக்கத்தில் மனை விற்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சித்திரை, வைகாசியில்தான் ஆட்களைக் கூட்டிப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை இலவச வேன், ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம், வெள்ளையடித்த எல்லைக் கற்கள், கயிற்றில் கலர் கலராகக் கொடி. ஐப்பசியில் ஒரு வேனும் வராது. ஏன் வராது என்று யாரும் கேட்டதில்லை. பிரியாணி அவ்வளவு ருசி.

ஸ்டேஷன், கரை, பனைமரம் என்று வழி பிடித்து பர்வீன் இடத்தைக் கண்டுபிடித்தாள். காய்ந்த மண்தான் தெரிந்தது. பட்டையை ஒரு இழுப்பு இழுத்தாள். மனை முழுக்க நீலம்.

"டேய், பர்வீன் ஊடு தண்ணிக்குள்ள கீதுடா! மீன் புடிக்கலாம்!" என்று வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அவள் இன்னும் இழுத்தாள். கோடையில் மண், மழையில் நீலம், மறுபடி மண், மறுபடி நீலம். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

மறுநாள் அவள் அத்தாவையே கூட்டிக்கொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளைப் பேன்டில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். படத்தைக் காட்டினேன். நிதானமாகப் பார்த்தார்.

"மழ வந்தா எங்கதான் மிஸ்ஸு தண்ணி நிக்கல? நான் ரெண்டு கண்ணால பாத்துட்டு வந்தேன். பசங்க கிரிக்கெட் ஆடிகினு கீறானுங்க. பத்திரம் கீது, எல்லாம் கீது."

"எதுக்கும் ஒருமுறை விசாரிச்சிடுங்கண்ணே. மழைக்காலத்துல போய்ப் பாருங்க."

"மழைக்கு முன்னாடி ஊடு கட்டி முடிச்சாவணுமே" என்று சிரித்தார். போகும்போது மகள் தலையைத் தடவி, "நல்லாத்தான் சொல்லிக் குடுத்துகிறீங்க" என்றார். மனிதருக்கு என்மேல் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீடு எழும்பியது. கம்ப்யூட்டர் வகுப்பு வந்தால் மற்றவர்கள் சினிமாப் படம் தேடுவார்கள். பர்வீன், "ஏரி எப்போ ரொம்பும்" என்று அடிப்பாள். ஏரிக்கரையில் காற்றோட்டமான வீட்டுமனை, இன்றே முன்பதிவு செய்யுங்கள் என்று விளம்பரம் வந்து நிற்கும். "மிஸ், தண்ணி வந்தா எந்தப் பக்கமா வரும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

புரட்டாசிக் கடைசியில் பால் காய்ச்சக் கூப்பிட்டார்கள், போனேன். சுண்ணாம்பு வாசனை, பச்சைச் சுவர், வாசலில் புது அடிபம்பு. அவள் அத்தா அதை ஒரு அழுத்து அழுத்தினார். தண்ணீர் கொட்டியது.

"பத்தடிதான் போட்டோம் மிஸ்ஸு. அதுக்கே இப்டி வருது! இன்னா ராசி பாருங்க!"

வந்தவர்களெல்லாம் மாஷா அல்லாஹ் என்றார்கள். ஒரு கிழவர் அள்ளிக் குடித்துவிட்டு, கற்கண்டு என்றார். பத்தடிக்குக் கீழே ஏரிதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பர்வீன் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் நானும் மட்டும்தான் அந்தத் தண்ணீரைப் பார்த்துப் பயந்தோம்.

கார்த்திகையில் மழை விடாமல் பிடித்தது. ஒரு விடியற்காலை ஏரி தன் இடத்துக்கு வந்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, கட்டின துணியோடு தப்பி வந்தார்கள். பள்ளிக்கூடத்து மாடியில்தான் அந்தத் தெருவையே தங்கவைத்தோம். கம்ப்யூட்டர் ரூமில் முதல்முறையாகச் சேறு மிதித்த கால்கள் நுழைந்தன. தாளாளர் அம்மாவே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

பர்வீனின் அத்தா ஒரு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அந்தப் படத்த இன்னொரு தபா காட்டு மிஸ்ஸு."

"கரண்ட் இல்லண்ணே."

தலையாட்டினார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். பர்வீன் வந்து தோளில் கை வைத்தாள்.

தை பிறந்ததும் ஏரி ஆக்கிரமிப்பு என்று சொல்லி அதிகாரிகள் அந்த வீட்டு வரிசையையே இடித்தார்கள். அவர்கள் ஐயப்பன்தாங்கல் பக்கம் வாடகைக்குப் போனதாகச் சொன்னார்கள். பர்வீன் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்று நான் விடுப்பு. பிறகு அவளைப் பார்க்கவேயில்லை. பள்ளிக்கூடமும் இன்று அடுக்குமாடி ஆகிவிட்டது.

நேற்று அந்த வரைபடத்தைத் திறந்து பட்டையை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். அந்த வீடு ஒரே ஒரு படத்தில்தான் இருக்கிறது. மொட்டை மாடியில் சிவப்பாக ஏதோ தெரிகிறது. யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள். அடுத்த படத்தில் தண்ணீர்.