பக்கத்தில் மாமனார், எதிரில் நர்ஸம்மா

அன்று ஆம்பூரில் எங்கள் தோல் பதனிடும் ஷாப்பின் டைம் ஆபீஸ் அறையில் இருந்தது ஐந்தே பேர். வேலூரிலிருந்து வந்த ஒரு நர்ஸம்மா, திரைக்குப் பின்னால் டார்ச்லைட்டோடு ஒரு சின்ன வயசு டாக்டர், தோலில் சதை எடுக்கிற ஒரு தொழிலாளி, அங்கேயே மேஸ்திரியாக இருந்த என் மாமனார், அப்புறம் நான். எண்பதுகளின் ஆரம்பம் அது. பீடி, போயிலையை விட நினைக்கிறவர்களுக்கு உதவத்தான் அவர்கள் வந்திருந்தார்கள்.

எனக்கோ ஒரு மாசமாகத் தூக்கமில்லை. போயிலை அடக்குகிற இடது கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு படை. தினமும் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு, நேற்றைவிடப் பெரிசாச்சா என்று நானே கேட்பேன், ஆமாம் என்று நானே சொல்லிக்கொள்வேன். ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான், ஆனால் பயப்படுவதில் எம்.ஏ. புற்றுநோயா இல்லையா என்று டாக்டர் பார்த்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றுதான் போனேன்.

சிக்கல் என்னவென்றால், பழக்கம் உண்டு என்று நர்ஸம்மாவிடம் விவரம் சொன்னவர்களைத்தான் டாக்டர் பார்ப்பார். நாங்கள் உட்கார்ந்திருந்ததோ ஒரே பெஞ்சு. என் முழங்காலை இடித்துக்கொண்டு மாமனார். கெட்ட பழக்கம் இல்லாத பையன் என்று நம்பிப் பெண்ணையும் கொடுத்து, வேலையும் போட்டுக் கொடுத்தவர்.

முதலில் சதை எடுக்கிறவர். "தெனமும் எத்தினி பீடி?" என்று நர்ஸம்மா சத்தமாகக் கேட்டார்.

"ரெண்டும்மா." சட்டைப்பையில் முழுக்கட்டு துருத்திக்கொண்டிருந்தது.

என் முறை. "போயிலை உண்டா?"

மாமனாரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். "அந்த நெடியே எனக்கு ஆகாதுங்க" என்றேன். பச்சைத்தோல் நாற்றத்தில், தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியோரம் நாளெல்லாம் நிற்கிறவன் சொல்கிற பேச்சா அது!

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"மாமாவுக்குத் துணைக்கு."

"ஐயாவுக்கு?" என்று மாமனாரிடம் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணும் கிடையாதும்மா. மாப்ளைக்குத் துணைக்கு வந்தேன்."

நர்ஸம்மா பேனாவை மூடினார். "காலைலேர்ந்து எல்லாரும் உத்தமனுங்களாவே வர்றீங்க. இனிமே உங்களைப் பத்தி யாரும் சொல்ல வாணாம். பக்கத்துல இருக்கறவரைப் பத்திச் சொல்லுங்க."

சதை எடுக்கிறவர் குஷியாக என் பக்கம் திரும்புவதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். "காம்புப் போயிலைம்மா. இடது கன்னத்துல அடக்குவாரு. பொட்டலம் லுங்கி மடிப்புல. சம்பளத்தன்னிக்கு ஜாஸ்தி. ஒரு மாசமா கண்ணாடி முன்னாடி வாயைப் பொளந்துக்கினு நிக்கறாருன்னு எம் பொண்ணு அழுவுது. டாக்டராண்ட காட்டும்மா."

"மாமா, உங்களுக்கு எப்பிடி..."

"சுண்ணாம்புக் குழியாண்ட வர்றப்பல்லாம் நான் எதுக்கு மாப்ள இருமிக்கினு வர்றேன்? நீங்க துப்பிட்டு வாயைத் தொடச்சிக்கட்டும்னுதான்."

அந்த இருமல் சுண்ணாம்பு நெடியால் என்று நினைத்து, எத்தனையோ நாள் மிளகுக் கஷாயம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். பாவம், மறுபேச்சில்லாமல் குடித்தும் இருக்கிறார்.

"இப்ப நீங்க சொல்லுங்க. ஐயாவுக்கு இன்னா?" என்றார் நர்ஸம்மா.

ரோஷம் வந்துவிட்டது. "சுருட்டு. சாப்பாட்டு டப்பா கீழடுக்குல வச்சிருப்பாரு. உப்பு குடோன் பின்னாடி பிடிப்பாரு. அதான் அந்தப் பக்கம் போனா நான் பாடிக்கினே போறது."

"அதுக்கா அந்தப் பாட்டு?" என்றார் மாமனார். "மனுசன் இவ்ளோ கேவலமா பாடுவானான்னு பேஜாரா இருந்தது."

அதற்கப்புறம்தான் நர்ஸம்மா சிரித்தார்.

திரைக்குப் பின்னால் டாக்டர் என் கன்னத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தார். "இப்பவே விட்டா மறைஞ்சிடலாம். மாசாமாசம் வந்து காட்டணும். விடலைன்னா என்னால எதுவும் சொல்ல முடியாது." திரைக்கு வெளியே, "இன்னாம்மா சொல்றாரு, இன்னாவாம்?" என்று நர்ஸம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தார் மாமனார்.

மாசாமாசம் ஒருத்தரைப் பற்றி இன்னொருத்தர் வந்து சொல்ல வேண்டும் என்பது நர்ஸம்மா போட்ட கண்டிஷன். மாட்டினால் மற்றவருக்கு ஐந்து ரூபாய் என்பது நாங்களாகச் சேர்த்துக்கொண்டது. நான் மாட்டினால் உடனே கொடுத்துவிடுவேன். அவரோ, "சம்பளத்தன்னிக்குத் தர்றேன் மாப்ள" என்பார்.

எப்படியோ இரண்டு பேரும் விட்டோம். கன்னத்துப் படை மறைந்தது. மாமனாரும் வயசாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதும் ஏதாவது பயத்தை மனசுக்குள் பூட்டிவைத்துப் புழுங்கும்போது, என் மானத்தைக் காப்பாற்ற இருமிக்கொண்டே வந்தவர், என் உயிர் என்று வந்ததும் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாரே என்று நினைத்துக்கொண்டு, உடனே யாரிடமாவது வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன். அந்த மனுஷன் எனக்குப் பாக்கி வைத்துவிட்டுப் போனது பதினைந்து ரூபாய்தான்.