ஒரே குக்கரில் மூன்று பயறு

கண்டியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு இப்போது காப்பிக்கடை ஆகிவிட்டது. போன வாரம் மழைக்கு ஒதுங்கி உள்ளே போய் மாடியில் உட்கார்ந்தேன். பட்டியலில் மெக்சிக்கோ நாட்டுச் சோறும் பீன்ஸும் என்று ஒன்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே மாடியில் சோற்றில் பயறு போட்டதற்காக ஒருத்தியைத் தெருவில் நிறுத்தப் பார்த்தார்கள், தெரியுமா உங்களுக்கு?

அப்போது ஓர் அறையில் மூன்று பேர். நான் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து புடவைக்கடையில் வேலைக்கு நின்றேன். யாழ்ப்பாணத்து மாலதிக்கு வங்கியில் வேலை. திகன ஊரிலிருந்து வந்த றிஸானா மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்துகொண்டு மாலையில் அதே தொழிலைப் படித்தாள். வகுப்பு முடிவதற்குள் ஊர் பஸ் போய்விடும். பெண்கள் மட்டும் தங்கும் வீடு என்று நம்பித்தான் அவள் வாப்பா விட்டிருந்தார். அந்த வீடு போனால் படிப்பும் போச்சு.

வீட்டுக்காரம்மாவுக்கு ஒரே சட்டம்: அறையில் சமைக்கக்கூடாது. அவர் அனுப்புகிற சோற்றையும் தண்ணீர்ப் பருப்பையும் தின்றுவிட்டுப் படுக்க வேண்டும். அந்தப் பருப்பை என் எதிரிக்கும் ஊற்றமாட்டேன். அதனால் எங்கள் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில், றிஸானாவின் ரைஸ் குக்கர் குடியிருந்தது. ஞாயிறு மத்தியானம் அந்த அம்மா குட்டித் தூக்கம் போடும்போது வெளியே வரும்.

சமையலில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை கிடையாது. நான் முதல் நாளே மொச்சையை ஊறப்போட்டுத் தோலைப் பிதுக்கிவிடுவேன். தோலைக் காகிதத்தில் சுற்றி பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய்ப் போடுவது தனிக் கதை. றிஸானா கௌபி என்கிற தட்டைப்பயறைச் சிவப்பரிசியோடு தேங்காய்ப்பாலில் போட்டு, வாசத்துக்கு றம்பை இலை கிள்ளிப் போடுவாள். மாலதிக்குப் பாசிப்பயறு, அதை வறுக்காமல் போடுகிறவர்களை அவள் மனிதர்களாகவே மதிப்பதில்லை.

ஒரு ஞாயிறு மூன்றிலும் ஒவ்வொரு பிடிதான் மிச்சம். சரி, எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவோம் என்றேன். அப்போதும் மாலதி விட்டுக்கொடுக்கவில்லை. குக்கர் பட்டனைக் கரண்டிக் காம்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதன் சட்டியிலேயே பயறை வறுத்தாள். சோறு வேகிற வாசனையை மறைக்கலாம், பயறு வறுபடும் வாசனையை என்ன செய்வது? அது படியிறங்கிப் போய் வீட்டுக்காரம்மாவைத் தட்டி எழுப்பிவிட்டது. அவர் மேலே வந்தபோது சோறு பொங்கி மூடி ஆடிக்கொண்டிருந்தது.

குக்கர் யாருடையதோ அவள் நாளைக்கே போக வேண்டும் என்றார். றிஸானாவின் முகம் வெளுத்துப் போனது. அவள் வாயைத் திறப்பதற்குள் மாலதி மூடியைத் தூக்கினாள்.

"ஓம், சமைச்சனாங்கள்தான். மூண்டு பேரும் போட்டது. ஆருடைய பங்கு எதெண்டு நீங்களே பிரிச்செடுங்கோ."

நானும் சொன்னேன்: "ஒருத்தி போனா மூணு பேரும் போறோம்மா."

அவர் சட்டியைப் பார்த்தார். பாசிப்பயறு கரைந்து மற்றதையெல்லாம் ஒட்டிப் பிடித்திருந்தது. காலியாகி வாடகை வராத அறையையும் மனதில் பார்த்திருப்பார். கதவையாவது சாத்தித் தொலையுங்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார். நாங்கள் சாத்தவில்லை. விரியத் திறந்து வைத்துச் சாப்பிட்டோம். நியாயமாகச் சொன்னால், சாப்பாடு நன்றாக இல்லை. ஊறாத கௌபி பல்லில் கடுக்கென்றது.

"அவங்களுக்கும் ஒரு கோப்பை குடுப்பமா?" என்றாள் றிஸானா. வேண்டாம் என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

மாலதி கடல் தாண்டிப் போய்விட்டாள். றிஸானா திகனயில் சொந்தமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். என் மூக்கில் இருப்பது அவள் கொடுத்தது. அதன் வழியாகத்தான் போன வாரம் எங்கள் பழைய அறையைத் தேடினேன். சுவரை இடித்துக் கூடமாக்கியிருக்கிறார்கள். அலுமாரி நின்ற மூலையில் பூச்சாடி. நாங்கள் சாத்த மறுத்த கதவு இருந்த இடத்தில் இப்போது கதவே இல்லை.

பரிமாற வந்த பிள்ளை, சோறு வேறு பீன்ஸ் வேறாக வைக்கவா என்று மரியாதையாகக் கேட்டாள்.

"ஒண்ணாவே போடுங்க," என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போல. பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.