கையில் கொடுக்காத காசு

பாறசாலையில் எங்கள் வீட்டைப் பற்றி விசாரிப்பவர்க்கு ஊரார் முதலில் சொல்வது ஒன்று உண்டு: அந்த வீட்டில் கூலியைக் கையில் கொடுப்பார்கள். முப்பத்தோராண்டு கல்லூரியில் இயற்பியல் கற்பித்தேன், துறைத்தலைவராக ஓய்வுபெற்றேன் என்பவையெல்லாம் அதற்குப் பிறகே வரும். மனைவி மறைந்தபின் மகளோடு இருக்க ஜப்பானுக்குச் சென்றதும், ஒகயாமா நகரில் மசாக்கோ என்னும் கைம்பெண்ணை அறுபத்துமூன்றாம் வயதில் பதிவுத் திருமணம் செய்துகொண்டதும் ஊரில் சில நாள் சிரிப்புக்கு இடமாயின. ஆயினும் வீட்டின் பெயருக்குப் பழுது வந்ததில்லை.

ஒகயாமாவில் முதல் வாரம், ரொட்டிக் கடையில் ஆயிரம் யென் நோட்டை நீட்டினேன். கடைப்பெண் அதைக் கையில் வாங்காமல் சிறிய நீலத் தட்டு ஒன்றை என் பக்கம் நகர்த்தித் தலை வணங்கினாள். அதில் வைக்க வேண்டுமாம். வைத்தேன். மீதிக்காக உள்ளங்கையை விரித்தேன். சில்லறையையும் அவள் அத்தட்டிலேயே பரப்பினாள். ரொட்டியைத் தொடாமலே வெளியேறினேன். 

என் தந்தையின் இளமையில் நெய்யாற்றின்கரையில் ஒரு மளிகைக்கடை இருந்தது. எங்களைப் போன்றவர்கள் காசைப் பலகையில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். கடைக்காரர் எடுத்துக்கொண்டு மீதியை எறிவார். இருவர் விரல்களும் ஒரே நேரத்தில் அப்பலகையில் இருக்கலாகாது. அப்பா தம் சொந்த நிலம் வாங்கிய பிறகு, வெள்ளறடையிலிருந்து ரப்பர் வெட்ட வருபவர்களுக்குக் கூலியை வலக்கையால் உள்ளங்கையில் வைத்து அழுத்தித்தான் கொடுப்பார். அவருக்குப்பின் நானும் அவ்வாறே செய்தேன்.

“உங்களை யாரும் அவமதிக்கவில்லை. மருத்துவருக்கும் அதே தட்டுதான், எனக்கும் அதே தட்டுதான்,” என்றாள் மசாக்கோ, திருமணத்துக்குப் பின் இதைச் சொன்னபோது.

“எங்கள் ஊர்ப் பலகை மருத்துவருக்கு இருந்ததில்லை,” என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

பிறகு நான் கவனித்தேன்; அவள் சொன்னது உண்மை. அறிவு ஏற்றது, கை ஏற்கவில்லை. எடையே இல்லாத ஒரு யென் காசுகளை நகத்தால் நெம்பி எடுக்கும்போது பின்னால் வரிசை பொறுமையாக நிற்கும். அந்தப் பொறுமைகூட எனக்கு அருவருப்பாயிருந்தது. மூன்றாம் ஆண்டில் வேறொன்று நிகழ்ந்ததை நான் உணரவில்லை: தட்டைக் கண்டதும் என் கை தானாகக் காசை வைக்கத் தொடங்கியிருந்தது.

சென்ற ஆண்டு அவளை ஊருக்கு அழைத்து வந்தேன். இம்முறை திகைத்தவள் அவள். பிசுபிசுத்த பத்து ரூபாய் நோட்டுகளை மேசைமேல் விரித்து, ஒவ்வொன்றாக நீவி, ஒரே முகமாக அடுக்கினாள். நெய்யாற்றின்கரைச் சந்தைக்கும் அப்படி அடுக்கிய நோட்டுகளோடுதான் வந்தாள்.

காஞ்சிரங்குளம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் ரோசம்மாவிடம் அயலை வாங்கினோம். செதில் ஒட்டிய ஈரக்கையை அவள் நீட்டினாள். மசாக்கோ அக்கையை விட்டு, நோட்டுகளை இரு கைகளாலும் மீன்பலகையின் ஓரத்தில் வைத்து, இடுப்பு வளைய வணங்கினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

“சாரே, ஒங்க பெண்டாட்டிக்கு எனக்க கை நாறுதோ?” என்றாள் ரோசம்மா. “மீனத் திங்க நாவு உண்டு, கையத் தொட மனசில்ல, இல்லியா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல்: “கேட்டியா மக்கா, புரொபசருக்க வீட்டுல இப்ப தீண்டல் உண்டாக்கும்!”

எதற்கு அஞ்சி இரண்டு தலைமுறை பெயர் காத்தோமோ, அந்தச் சொல். நான் விளக்கியிருக்கலாம். மாறாக, பலகையிலிருந்த நோட்டுகளைப் பிடுங்கி ரோசம்மாவின் உள்ளங்கையில் திணித்தேன். அவள் விரல்களோடு என் விரல்களும் வழுக்கின. மசாக்கோ முகம் சிவந்தாள். “பிச்சை போடுவதுபோல் ஏன் திணித்தீர்கள்?” என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். ரோசம்மா என்ன நினைத்தாளோ, மீதிப் பத்து ரூபாய் நாணயத்தை மசாக்கோவின் உள்ளங்கையில் வைத்து அவள் விரல்களைத் தன் கையால் மூடினாள்.

“இந்தா மக்கா, வச்சுக்கோ. அறியாத பிள்ளையாக்கும்,” என்றாள், அறுபது வயதுக்காரியிடம்.

ஒகயாமாவுக்குத் திரும்பிய பிறகு சித்தப்பா மகன் தொலைபேசியில் அழைத்தான்.

“அண்ணே, மைனி அந்த மீன்காரி தொட்ட கைய கொழாயில போயி சோப்பு போட்டுக் கழுவினாங்களாமே? சந்த முழுக்க இதாக்கும் பேச்சு. பெரியப்பா இருந்தா சகிப்பாரா?”

அன்று நான் மறுமொழி கூறவில்லை. ஜப்பான்காரி அப்படித்தான் என்று ஊர் முடிவு செய்துவிட்டால் வீட்டின் பெயர் தப்பிவிடும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அந்த மௌனத்தைச் சில மாதங்கள் வைத்திருந்தேன். தட்டில் காசு வைக்கும் ஒவ்வொரு முறையும் அது நாறிற்று.

ஆகவே பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் இருப்போர் அறிவதற்காக எழுதுகிறேன். மசாக்கோ கை கழுவவில்லை. அந்த நாணயத்தை மூடிய கையோடுதான் வீடுவரை வந்தாள். பேருந்து நிறுத்தத்துக் குழாயடிக்குப் போய், பெட்டிக்கடையில் சோப்பு வாங்கி, இருமுறை கழுவியவன் நான்.