மச்சான் கொடுத்த தண்ணீர்

இந்த வளைகுடா நாட்டில் தண்ணீருக்குக் கல்லைத் தின்னக் கொடுக்கிறார்கள். சிரிக்காதீர்கள். கடல்நீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து எடுக்கும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சத்தும் இருக்காது. அதைச் சுண்ணாம்புக்கல் தொட்டிக்குள் விட்டு, சத்து ஏறிய பிறகே ஊருக்கு அனுப்புவோம். ஆலையில் அந்தத் தொட்டிக்கு முந்தைய குழாய் என் பொறுப்பில் இருந்தது. நான் கல் தின்னாத தண்ணீரையே பிடித்துக் குடிப்பேன். அவ்வளவு திமிர் எனக்கு.

திமிருக்குக் காரணம் உண்டு. திருவாரூர்ப் பக்கம் எங்கள் தெருவுக்குக் கிணறு கிடையாது. பண்ணையார் கிணற்றில் நாங்கள் வாளி விடக் கூடாது. ஆறு வற்றிய கோடையில் அம்மா குடத்தோடு தள்ளி நிற்பாள், யாராவது மனம்வைத்து ஊற்றும்வரை. எல்லாரும் சமம் என்று மேடையில் முழங்கியவர்கள் ஆட்சிக்கு வந்த பிறகும் அந்தக் கிணற்றுக் கயிறு எங்கள் கைக்கு வரவில்லை. கூலி உயர்வு கேட்டு அப்பா கொடி பிடித்த வருஷம், ஊற்றுவதையும் நிறுத்திவிட்டார்கள். குட்டைச் சேற்றைத் துணியில் வடிகட்டிக் குடித்தோம்.

அதனால்தான் என் தங்கை புருஷன் செல்வராசு ரோட்டோரம் குழாய் பதிக்கும் வேலைக்கு இங்கே வந்ததும், தினமும் ஒரு கேன் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"குடிங்க மாப்ள. பண்ணையாரே இப்படி ஒரு தண்ணிய கண்டிருக்க மாட்டாரு."

"சப்புன்னு இருக்கு மச்சான்" என்று சிரித்துக்கொண்டே குடிப்பார்.

தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். ஏற்கெனவே இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இதாவது தங்கட்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு செல்வராசு உப்பில்லா விரதம் இருந்தார். ஊரில் அது அறுப்பு முடிந்து, வேலையில்லாத நாளில் இருக்கும் விரதம். இங்கே நெருப்பு வெயிலில் குழி வெட்டிக்கொண்டே விரதம் இருந்தார். ஆறாம் நாள் காலை, "தல சுத்துது மச்சான்" என்றார். "தண்ணி பத்தல, இன்னும் குடிங்க" என்று நானே இன்னொரு கேனைத் திறந்து கொடுத்தேன். மதியம் வலிப்பு வந்து குழிக்குள் விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் அரபு டாக்டர், "சால்ட்?" என்று கேட்டார். தண்ணீரைக் கேட்கிறார் என்று நினைத்து, "நோ சால்ட் டாக்டர், வெரி ப்யூர்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னையே வெறித்துப் பார்த்தார். விரதத்தைச் சொன்னதும் விளக்கினார்: அந்தத் தண்ணீர் விஷமில்லை, ஒழுங்காகச் சாப்பிடுகிறவனுக்குச் சத்து பெரும்பாலும் சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும், இவரோ உப்பையெல்லாம் வியர்வையில் விட்டுவிட்டு, வெறும் தண்ணீராகக் குடித்திருக்கிறார், ரத்தத்தில் உப்பு இறங்கித்தான் வலிப்பு. ஐயோ, குடிக்க வைத்தவன் நான்தானே!

மூன்றாம் நாள் கண் திறந்தார். உப்புப் போட்ட கஞ்சியை வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"விரதம், மச்சான்."

"பாவம் எனக்கு வரட்டும். நீங்க குடிங்க மாப்ள."

அழுதுகொண்டே குடித்தார். இரண்டு மாதம் கழித்து ஊரில் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது.

அவள் இப்போது வளர்ந்துவிட்டாள். போன லீவில் பண்ணையார் கிணற்றுக்குப் போனேன். இப்போது யாரும் தடுப்பதில்லை; தண்ணீர் உவர்ந்துபோய் யாரும் குடிப்பதுமில்லை. முதல்முறையாக அதில் வாளி விட்டு இழுத்தேன். பதறிக்கொண்டு ஓடிவந்த தங்கை மகள், கடையில் வாங்கிய கேனிலிருந்து ஊற்றிக் கொண்டுவந்த டம்ளரை நீட்டினாள்.

"அதக் குடிக்காதீங்க மாமா. இதான் சுத்தமான தண்ணி."

ஒரு கையில் கயிறும் ஒரு கையில் டம்ளருமாக நின்றேன். "நீ சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.