மெஷின் சொன்ன விடை

மாமா கப்பலிலிருந்து வந்த மறுநாள், அவர் சிங்கப்பூரில் வாங்கிவந்த கால்குலேட்டரை வீட்டில் யாருக்கும் தெரியாமல் பள்ளிக்கு எடுத்துப்போனேன். எழுபதுகளின் கடைசி, எனக்கு எட்டாம் வகுப்பு. கறுப்புப் பெட்டியில் சிவப்பாக எரியும் எண்கள். கணக்கு டீச்சரும் அதுவரை அப்படியொன்றைப் பார்த்ததில்லை போலும். பிடுங்கி வைக்காமல், கைக்குட்டையால் துடைத்து மேசைமேல் வைத்தார்.

என் பக்கத்தில் உட்காருகிறவள் அமலி. தருவைகுளத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா கடலுக்குப் போகிறவர். எத்தனை பெரிய பெருக்கலானாலும் நாங்கள் நோட்டைத் திறக்குமுன் விடை சொல்லிவிடுவாள். ஆனால் எட்டாவதோடு அவளை நிறுத்திவிடுவதாக வீட்டில் பேச்சு. விடுதியில் இலவச இடம் கிடைத்தால் மேலே படிக்கலாம். அதற்குப் பரிந்துரை எழுத வேண்டிய கல்வி அதிகாரி அன்றைக்குத்தான் வகுப்பைப் பார்க்க வந்தார்.

டீச்சர் அமலியை எழுப்பினார். அதிகாரியின் கண்ணோ கால்குலேட்டர் மேல்.

"இந்தப் பொண்ணு மனசுல போடட்டும். இந்த மெஷின் யாரோடது?" நான் எழுந்து நின்றேன். "நீ இதுல போடு" என்றார். 478ஐ 36ஆல் பெருக்க வேண்டும்.

"பதினேழாயிரத்து இருநூத்தி எட்டு" என்றாள் அமலி. நான் அப்போதுதான் கடைசிப் பொத்தானை அமுக்கினேன். 17532 என்று எரிந்தது. உரக்கப் படித்தேன்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அமலி என் பக்கம் குனிந்து, "ஏளா, இன்னொருக்கா போட்டுப் பாரு" என்றாள்.

"மெஷின் எப்படிம்மா தப்பு பண்ணும்?" என்றார் அதிகாரி. கரும்பலகைப் பக்கம் பாதி திரும்பிய டீச்சர், சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டார்.

இடைவேளையில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். அமலி சொன்னதுதான் சரி. நான் 487 என்று அமுக்கியிருக்கிறேன். அதிகாரி இன்னும் தலைமையாசிரியை அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வராந்தாவைக் கடந்தால் போதும். கடக்கவில்லை. மாமாவுக்குத் தெரியாமல் எடுத்துவந்தது வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் ஒன்று. வகுப்பு முழுக்க என்னைப் பார்த்த பார்வை போய்விடுமே என்பது இன்னொன்று.

விடுதி இடம் வேறொருத்திக்குப் போனது. முழுப்பரீட்சையோடு அமலி நின்றுவிட்டாள். அந்த ஒரு கணக்கால்தான் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

பிறகு நானும் டீச்சரானேன். எங்கள் பள்ளிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த அன்று பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். "டீச்சர், நானும் ஒருக்கா தொட்டுப் பாக்கட்டா?" என்று ஒருத்தி கேட்டபோது நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்தேன். அந்த அதிகாரி வந்துபோன நாள் சாயங்காலம், பஸ்ஸுக்குப் போகுமுன் அமலி என்னிடம் இதையேதான் கேட்டாள்.

"ஒருக்கா நான் அமுக்கிப் பாக்கட்டா?"

என் தப்பைக் கண்டுபிடிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, பேட்டரி தீர்ந்துபோச்சு என்று பைக்குள் போட்டு மூடிவிட்டேன். அவளுக்கும் அதைத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்திருக்கும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.